வீடு ஜப்திக்கு வரும்போது அரசிடம் கணக்குக் கேட்பது எப்படி: சர்பேசி நோட்டீஸிலிருந்து விசாரணை ஆணையம் வரை

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் மனு கொடுத்துவிட்டால் வங்கி வீட்டைத் தொடாது என்று நம்பி நாளைக் கடத்துபவர்கள் நிறையப் பேர். மனுவுக்கு ரசீது கிடைக்கும். சில வாரம் கழித்து 'மனுதாரர் சம்பந்தப்பட்ட வங்கியை அணுகலாம்' என்று ஒற்றை வரிப் பதிலும் வரும். அதற்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட வேண்டிய 45 நாள் கெடு தாண்டிப்போயிருக்கும்.

எனவே இரண்டு வேலைகளையும் முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள். வீட்டைக் காப்பது ஒரு வேலை. அதற்கான இடம் தீர்ப்பாயம், அதாவது டி.ஆர்.டி. வங்கியும் அரசு அலுவலகமும் சட்டப்படி நடந்தனவா என்று பதில் சொல்ல வைப்பது இன்னொரு வேலை. ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்ட மனு), குறைதீர்ப்பாளர், சட்டமன்றம், விசாரணை ஆணையம் எல்லாம் இரண்டாவதற்கு உரியவை. இவற்றில் எதுவும் ஏலத்தை ஒரு நாள்கூட நிறுத்தாது. ஆனால் இவற்றால் கிடைக்கும் காகிதங்கள் முதல் வேலைக்குப் பெரிய பலம். இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டும். ஒன்று முடியட்டும் என்று மற்றதைத் தள்ளிப்போடக் கூடாது.

இந்த வழிகாட்டி, தமிழ்நாட்டில் வீட்டை அடமானம் வைத்து வங்கியிலோ வீட்டுக் கடன் நிறுவனத்திலோ கடன் வாங்கி, தவணை நின்றுபோனவர்களுக்கும் அவர்களுக்காக மனு எழுதித் தருபவர்களுக்கும்.

அரசு இதில் எங்கே வருகிறது

2002ஆம் ஆண்டின் சர்பேசி சட்டம் வருவதற்கு முன், அடமானச் சொத்தை விற்க வங்கி வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்கியாக வேண்டும். இந்தச் சட்டம் அந்த வேலையை வங்கிக்கு மிச்சப்படுத்திவிட்டது. வங்கியே நோட்டீஸ் தரும், வங்கியே சுவாதீனம் எடுக்கும், வங்கியே ஏலம் விடும். சிவில் கோர்ட்டுக்குப் போகும் வழியை 34ஆம் பிரிவு அடைத்துவிட்டது. உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாமே என்றால், தீர்ப்பாயம் இருக்கும்போது ரிட்டை ஏற்கக் கூடாது என்று 2010இல் சத்யவதி டாண்டன் வழக்கிலிருந்தே உச்ச நீதிமன்றம் சொல்லிவருகிறது.

ஆனால் ஆள் குடியிருக்கும் வீட்டைப் பூட்டிச் சீல் வைக்க வங்கி பெரும்பாலும் அரசின் கையை நாடுகிறது. 14ஆம் பிரிவின்படி மாவட்ட ஆட்சியரிடம் மனுப் போடும்; அல்லது சென்னையில் தலைமைப் பெருநகர நடுவரிடமும் மற்ற மாவட்டங்களில் தலைமை நீதித்துறை நடுவரிடமும் போடும். தலைமை நீதித்துறை நடுவருக்கும் இந்த அதிகாரம் உண்டு என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. உத்தரவு வந்தபின் வாசலில் தாசில்தாரோ அட்வகேட் கமிஷனரோ (நடுவர் நியமிக்கும் வக்கீல்) போலீஸோடு வந்து நிற்பார்கள். அரசின் கையெழுத்து விழுவது அந்தக் கோப்பில்தான். கணக்குக் கேட்க வேண்டிய இடமும் அதுவே.

பொதுத்துறை வங்கி என்றால் வங்கியே தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் வருகிறது. தனியார் வங்கியும் நிதி நிறுவனமும் வராது. அங்கே ரிசர்வ் வங்கி வழியாகத்தான் பிடி.

60 நாள் நோட்டீஸ்

கடன் 90 நாளுக்கு மேல் தவணை தவறினால் வாராக்கடன் கணக்கில் சேரும். அதன்பின் 13(2) பிரிவில் டிமாண்ட் நோட்டீஸ் வரும். கட்ட வேண்டிய தொகை, பிடித்தமாகும் சொத்து இரண்டும் அதில் இருக்க வேண்டும். கட்டுவதற்கு 60 நாள்.

தபாலைத் திருப்பி அனுப்பாதீர்கள். வாங்க மறுத்தால், வாசலில் ஒட்டிப் பத்திரிகையில் விளம்பரமும் கொடுத்துச் சார்வு செய்துவிட்டதாக, அதாவது சட்டப்படி உங்களிடம் சேர்த்துவிட்டதாகக் காட்ட விதிகள் வங்கிக்கு இடம் தருகின்றன. வாங்கி, உறையைக் கிழிக்காமல் ஓரத்தை வெட்டிப் பிரித்து, தபால் முத்திரையோடு பத்திரப்படுத்துங்கள். உள்ளே உள்ள தேதிக்கும் தபாலில் சேர்த்த தேதிக்கும் இரண்டு வாரம் இடைவெளி இருப்பது புதிதல்ல. 60 நாளைக் கணக்கிட அந்த முத்திரைதான் சாட்சி.

பிறகு இவற்றைச் சரிபாருங்கள்:

கையெழுத்துப் போட்டவர் 'அதிகாரம் பெற்ற அலுவலர்' தானா? பொதுத்துறை வங்கியில் அவர் தலைமை மேலாளர் பதவிக்குக் குறையாதவராக இருக்க வேண்டும்.

பாக்கித் தொகை, அசலும் வட்டியும் சேர்ந்த மொத்தத்தில் 20 சதவீதத்துக்கும் குறைவா? கடனின் பெரும்பகுதியை அடைத்துவிட்டவர் மீது 31ஆம் பிரிவின்படி இந்தச் சட்டம் பாயாது. விவசாய நிலத்துக்கும் அதே விலக்கு. ஆனால் பட்டாவில் 'நஞ்சை' என்று இருப்பது மட்டும் போதாது. நிலம் உண்மையில் எதற்குப் பயன்படுகிறது என்பதை ஆதாரத்தோடு காட்ட வேண்டும் என்பது தமிழ்நாட்டிலிருந்து போன இந்தியன் வங்கி எதிர் பாப்பிரெட்டியார் வழக்கில் 2018இல் வந்த தீர்ப்பின் சாரம். அடங்கலும் பயிரின் புகைப்படமும் வேண்டும்.

கடன் கொடுத்தது, வீட்டுக் கடன் நிறுவனம் தவிர்த்த, வங்கியல்லாத நிதி நிறுவனமா? அப்படியானால் 20 லட்சம் ரூபாய்க்குக் குறைந்த கடனுக்கு அது இந்தச் சட்டத்தைத் தொட முடியாது.

அபராத வட்டி எப்படிப் போட்டிருக்கிறார்கள்? ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் வெளியிட்டு 2024இல் நடைமுறைக்கு வந்த சுற்றறிக்கைப்படி, தவணை தவறியதற்கு அபராதக் கட்டணம் வாங்கலாம். அதை வட்டியோடு சேர்த்து வட்டிக்கு வட்டி போடக் கூடாது. கணக்கு அறிக்கையை மாதவாரியாக வாங்கிப் பார்த்தால்தான் இது தெரியும்.

கடன் வாங்கியவர் இறந்திருந்தால், நோட்டீஸ் வாரிசுகள் பெயருக்கு வந்திருக்கிறதா, இறந்தவர் பெயருக்கே வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஜாமீன்தாருக்குத் தனி நோட்டீஸ் வேண்டும்.

இவற்றில் எது பொருந்துகிறதோ அதை வைத்து 13(3ஏ) பிரிவின்படி ஆட்சேபக் கடிதம் எழுதுங்கள். வங்கி 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் சொல்லியாக வேண்டும். இந்த உரிமை சும்மா வந்ததல்ல. 2004இல் மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில், சட்டம் செல்லும் என்று சொன்ன உச்ச நீதிமன்றம், கடனாளியின் ஆட்சேபத்தை வங்கி காதில் போட்டுக்கொள்ளாமல் போகக் கூடாது என்றும் சொன்னது; அதன்பின் சேர்க்கப்பட்ட பிரிவு இது.

கடிதத்தில் அழுகை வேண்டாம். வியாபாரம் நொடித்தது, உடம்புக்கு முடியவில்லை என்பதை ஒரு பத்தியில் சொல்லி நிறுத்துங்கள். தவணையை மாற்றித் தரக் கேட்பதற்கு அது உதவும். மற்ற பத்திகளுக்கு எண் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரே ஆட்சேபம், ஒரே தேதி, ஒரே தொகை. 'பெரிய மனது பண்ணுங்கள்' என்ற கடிதத்துக்குப் 'பரிசீலிக்க இயலவில்லை' என்பதே பதிலாகிவிடும். '2023 நவம்பரில் கட்டிய தொகை வரவில் இல்லை' என்றால் அதற்கு ஒருவர் கணக்கைத் திறந்து பார்த்துத்தான் ஆக வேண்டும். ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள்; பதிவுத் தபால் 2025இல் அதோடு இணைக்கப்பட்டுவிட்டது. கிளையில் நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை, தேதி, கைச்சாத்து மூன்றும் வேண்டும்.

பதில் வரவில்லை என்றாலோ நியாயமில்லாத பதில் வந்தாலோ உடனே தீர்ப்பாயம் போக முடியாது. ஆனால் அந்தக் குறை பின்னால் இரண்டு இடத்தில் பேசும்: தீர்ப்பாயத்திலும் 14ஆம் பிரிவுக் கோப்பிலும்.

நோட்டீஸ் வந்தபின் சொத்தை யாருக்கும் விற்கவோ உறவினர் பெயருக்கு மாற்றவோ செய்யாதீர்கள். 13(13) அதைத் தடுக்கிறது. அதோடு உங்கள் வழக்கின் நேர்மையும் போய்விடும்.

சுவாதீன அறிவிப்பு ஒட்டினால் 45 நாள் ஓடத் தொடங்கிவிட்டது

60 நாள் முடிந்தபின் ஒரு நாள் கதவில் சுவாதீன அறிவிப்பை ஒட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். வீட்டை யாரும் காலி செய்யச் சொல்லவில்லை, சாவி உங்களிடமே இருக்கிறது. இதைப் பார்த்து 'இது வெறும் காகிதம்தான், ஆள் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்' என்று இருந்துவிடுவதுதான் இந்த விஷயத்தில் அதிகம் பேரைக் கவிழ்க்கிறது. பெயரளவுச் சுவாதீனத்தை எதிர்த்தே தீர்ப்பாயம் போகலாம் என்று 2018இல் ஹிண்டன் ஃபோர்ஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. போகலாம் என்றால் கெடுவும் அங்கிருந்தே ஓடுகிறது என்று பொருள்.

17ஆம் பிரிவு மனுவை அந்த நாளிலிருந்து 45 நாளுக்குள் போட வேண்டும். சென்னை, கோயம்புத்தூர், மதுரையில் தீர்ப்பாயங்கள் உள்ளன. கட்டணம் கடன் தொகையைப் பொறுத்தது: 10 லட்சத்துக்குக் கீழ் ஒவ்வொரு லட்சத்துக்கும் 500 ரூபாய், அதற்கு மேல் 5,000 ரூபாயோடு கூடுதல் ஒவ்வொரு லட்சத்துக்கும் 250 ரூபாய், உச்சவரம்பு ஒரு லட்சம். 25 லட்சம் கடன் என்றால் 8,750 ரூபாய். வக்கீல் செலவு வேறு. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் போன்றோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு; மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நேரில் அணுகலாம், 15100 எண்ணிலும் கேட்கலாம்.

அறிவிப்பை ஒட்டியபின் 7 நாளுக்குள் இரண்டு முன்னணிப் பத்திரிகைகளில், ஒன்றாவது தமிழில், வங்கி வெளியிட வேண்டும். அந்த வாரப் பத்திரிகைகளை வாங்கி வையுங்கள். அந்தப் பகுதியில் யாரும் வாங்காத பத்திரிகையில் வந்திருந்தால் அதுவும் ஓர் ஆட்சேபம்.

தீர்ப்பாயம் தடை கொடுக்கும்போது பாக்கியில் ஒரு பகுதியைக் குறித்த தேதிக்குள் கட்டச் சொல்வது வழக்கம். அந்தத் தேதி தவறினால் தடை தானாகவே போய்விடும். கட்ட முடியாத தொகைக்கு ஒத்துக்கொண்டு தடை வாங்குவதைவிட, குறைவாகக் கேட்டு வாதாடச் சொல்வது மேல். தீர்ப்பு எதிராகப் போனால் மேல்முறையீட்டுக்கு 30 நாள். அதற்குப் பாக்கியில் பாதியை முன்கூட்டிக் கட்ட வேண்டும், மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் மனது வைத்தால் கால் பங்கு வரை குறையும். சாதாரணக் குடும்பத்துக்கு மேல்முறையீடு எட்டாக்கனி. எனவே முதல் வழக்கிலேயே எல்லா ஆவணங்களும் இருக்க வேண்டும்.

14ஆம் பிரிவுக் கோப்பு

கலெக்டர் இந்த மனுவில் நியாய அநியாயம் தீர்ப்பவர் அல்ல. அவருடைய வேலை நிர்வாக வேலை மட்டுமே, தகராறைத் தீர்க்க அதிகாரம் இல்லை என்று 2022இல் பாலகிருஷ்ண ராம தார்லே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 'கலெக்டர் ஐயா, வட்டி அதிகம் போட்டுவிட்டார்கள்' என்ற மனு பயனற்றுப்போவது இதனால்தான்.

ஆனால் அவர் ஒன்றைச் செய்தே ஆக வேண்டும். வங்கியின் அலுவலர் தாக்கல் செய்யும் பிரமாணப் பத்திரத்தைப் படித்துத் திருப்தி அடைய வேண்டும். 2013இல் வந்த திருத்தம் அந்தப் பத்திரத்தில் 9 விஷயங்களைச் சத்தியம் செய்து சொல்லச் சொல்கிறது: கொடுத்த கடனும் இன்றைய பாக்கியும், அடமானம் செல்லுபடியாவதும் கோரிக்கை காலாவதியாகாததும், எந்தெந்தச் சொத்து, எவ்வளவு தவறியது, கணக்கு வாராக்கடனாக வகைப்படுத்தப்பட்டது, 60 நாள் நோட்டீஸ் சார்வானது, கடனாளியின் ஆட்சேபம் பரிசீலிக்கப்பட்டு, ஏற்காத காரணம் அவருக்குத் தெரிவிக்கப்பட்டது, அதன்பிறகும் பணம் கட்டவில்லை, சட்டமும் விதிகளும் பின்பற்றப்பட்டன.

இதில் ஏழாவதைத் தனியாக எடுத்துப் பாருங்கள். அச்சடித்த படிவத்தில் பெயரையும் தொகையையும் மட்டும் மாற்றித் தயாராகும் பத்திரங்களில், ஆட்சேபக் கடிதமே வராதது போல எழுதியிருப்பார்கள். அல்லது பதில் கொடுத்ததாகப் பொதுவாக ஒரு வரி இருக்கும். உங்கள் கையில் தபால் ஒப்புகை இருக்கிறது, வங்கியின் பதில் இல்லை என்றால், அது வெறும் நடைமுறைக் குறையாக நிற்காது. சத்தியம் செய்து சொன்னதற்கும் ஆவணத்துக்கும் உள்ள முரணாகிவிடும். நோட்டீஸுக்குப் பின் நீங்கள் கட்டிய தொகைக்கு ரசீது இருந்தால் எட்டாவதும் அப்படியே.

எனவே கலெக்டருக்கு எழுதுவதானால் முறையீடாக எழுதாதீர்கள். 'இன்ன வங்கி, இன்ன சொத்து குறித்து 14ஆம் பிரிவு மனு வந்தாலோ நிலுவையில் இருந்தாலோ, பிரமாணப் பத்திரத்தின் 7ஆவது கூற்றுக்கு மாறான இந்த ஆவணங்களைக் கோப்பில் சேர்க்கவும்' என்று ஒரே பக்கம். உடன் நகல்கள். திங்கட்கிழமை மனுவாக மட்டும் கொடுக்காமல் தபால் பிரிவிலும் கொடுத்து முத்திரை வாங்குங்கள். கடனாளியை அழைத்து விசாரிக்க வேண்டும் என்று இந்தப் பிரிவில் எங்கும் சொல்லவில்லை. எனவே நீங்கள் முந்திக்கொள்ளாவிட்டால் உத்தரவு போட்ட செய்தி தாசில்தார் வாசலுக்கு வரும்போதுதான் தெரியும்.

உத்தரவு போட 30 நாள், காரணம் எழுதினால் மொத்தம் 60 நாள் என்று சட்டம் சொல்கிறது. கெடு தாண்டிப் போட்ட உத்தரவு செல்லாது என்று இதை வைத்து வாதாடிப் பலர் தோற்றிருக்கிறார்கள். அந்தக் கெடு அலுவலரை வேகப்படுத்தத்தான், தாண்டினால் அதிகாரம் போய்விடாது என்று 2020இல் சி. பிரைட் வழக்கில் தீர்ப்பாகிவிட்டது.

ஆர்டிஐ மனு எழுதும் விதம்

முதலில், கோப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். நடுவர் நீதிமன்றத்தில் மனு இருந்தால் ஆர்டிஐ வேண்டாம். நகல் மனுப் போட்டுச் சான்றிட்ட நகல் வாங்குவதே வழி. நீதிமன்ற ஆவணங்களுக்கு நீதிமன்ற விதிகள்தான் பொருந்தும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இ-கோர்ட்ஸ் தளத்தில் உங்கள் பெயரை எதிர்மனுதாரராகப் போட்டுத் தேடினால் வழக்கு எண் கிடைக்கலாம். பெயரின் எழுத்துக்கூட்டலை நாலு விதமாக மாற்றிப் பாருங்கள்.

கலெக்டர் அலுவலகத்தில் இருந்தால், பொதுத் தகவல் அலுவலருக்கு மனு. மாநில அரசு அலுவலகத்துக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். அதே ஸ்டாம்பைப் பொதுத்துறை வங்கிக்கோ ரிசர்வ் வங்கிக்கோ ஒட்டி அனுப்பினால் திரும்பி வரும்; அங்கே 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர், அல்லது மத்திய அரசின் ஆர்டிஐ இணையதளம். ஒரு மாதத்தை விழுங்கும் சின்னத் தவறு இது. மத்திய அரசு விதிப்படி மனு 500 சொல்லுக்குள் இருக்க வேண்டும்.

கேள்விகளை இப்படி வையுங்கள்:

1. இன்ன வங்கியின் இன்ன கிளை, இன்ன கதவு எண், சர்வே எண் கொண்ட என் சொத்து குறித்து சர்பேசி சட்டம் பிரிவு 14இன் கீழ் அளித்த மனுவின் நகல், வரவு முத்திரையுடன்.
2. அதனுடன் தாக்கலான பிரமாணப் பத்திரமும் இணைப்புகளும்.
3. அந்தக் கோப்பின் குறிப்புப் பக்கங்கள் அனைத்தும்.
4. பிறப்பித்த உத்தரவும், வட்டாட்சியருக்கும் காவல்துறைக்கும் அனுப்பிய கடிதங்களும்.
5. பிரிவு 2(ஜே)இன் கீழ் கோப்பை நேரில் பார்வையிட நாளும் நேரமும்.

'ஏன் விசாரிக்காமல் உத்தரவு போட்டீர்கள்?' என்று கேட்காதீர்கள். இருக்கிற ஆவணத்தைத் தருவதுதான் தகவல் அலுவலரின் கடமை. விளக்கம் சொல்வது அல்ல. ஏன் என்பதற்கான விடை மூன்றாவது கேள்வியில் கேட்ட குறிப்புப் பக்கங்களில் இருக்கும். பத்திரத்தை யார் படித்தார், என்ன எழுதினார், எந்த நாளில் கையெழுத்துக்குப் போனது எல்லாம் அங்கே வரிசையாக இருக்கும். ஒன்றுமே எழுதாமல் 'உத்தரவுக்குப் பணிந்தளிக்கப்படுகிறது' என்ற ஒற்றை வரி மட்டும் இருந்தால், திருப்தி அடைந்ததற்கான அடையாளமே இல்லை என்று தீர்ப்பாயத்தில் காட்டலாம்.

பொதுத்துறை வங்கிக்குத் தனி மனு: வாராக்கடனாக வகைப்படுத்திய தேதிக்கான பதிவு, ஆட்சேபத்துக்குப் பதில் அனுப்பிய தபால் பதிவேட்டின் பக்கம், மதிப்பீட்டாளரின் அறிக்கை, அலுவலரை நியமித்த உத்தரவு. 'மூன்றாம் நபர் தகவல்' என்று மறுப்பது வாடிக்கை. உங்கள் சொந்தக் கடன் மூன்றாம் நபர் தகவல் அல்ல. கடன் எண்ணையும் அடையாள அட்டை நகலையும் முதலிலேயே இணைத்துவிட்டால் அந்தச் சாக்கு எழாது.

உங்கள் வீட்டோடு நிற்காமல் ஊருக்காகக் கேட்பதானால், பெயர்களைக் கேட்காதீர்கள். தனிநபர் தகவல் என்று கதவு சாத்தப்படும். ஆண்டுவாரியாக வந்த 14ஆம் பிரிவு மனுக்கள், உத்தரவானவை, திருப்பப்பட்டவை எத்தனை என்று கேளுங்கள். 'தொகுத்து வைக்கவில்லை' என்று பதில் வந்தால் பதிவேட்டையே பார்வையிடக் கேளுங்கள். வருடத்துக்கு ஒன்றுகூடத் திருப்பப்படவில்லை என்று தெரிந்தால் அதுவே ஒரு செய்தி. சட்டமன்ற உறுப்பினரிடம் கொண்டுபோக அதைவிட நல்ல காகிதம் கிடைக்காது.

30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதுவும் பலிக்காவிட்டால் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். கெடு தாண்டிய தகவலை இலவசமாகத் தர வேண்டும். அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 வரை அபராதம் விதிக்கலாம். ஆணையத்தில் முறை வர வெகுகாலம் ஆகும். எனவே வழக்குக்குத் தேவையான ஆவணத்தை அங்கே காத்திருந்து வாங்க நினைக்காமல், வங்கியையே தாக்கல் செய்யச் சொல்லித் தீர்ப்பாயத்தில் இடை மனு போடச் சொல்லுங்கள்.

மற்ற கதவுகள்

ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர்: முதலில் வங்கியிடம் எழுத்தில் புகார், 30 நாள் காத்திருப்பு, அதன்பின் ரிசர்வ் வங்கியின் புகார்த் தளம்; உதவிக்கு 14448. தவறான கட்டணம், வசூல் ஆட்களின் அத்துமீறல், கடனை அடைத்தபின் பத்திரத்தைத் தராமல் இழுத்தடிப்பது போன்றவற்றுக்கு இது நல்ல வழி. காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வசூலுக்குப் போன் செய்யக் கூடாது. கடன் முடிந்து 30 நாளுக்குள் பத்திரம் வராவிட்டால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. ஒரு கண்ணி இருக்கிறது: அதே விஷயம் தீர்ப்பாயத்தில் இருந்தால் குறைதீர்ப்பாளர் எடுக்கமாட்டார். எனவே வழக்கில் என்ன, புகாரில் என்ன என்று முன்கூட்டிப் பிரித்துக்கொள்ளுங்கள்.

பொதுத்துறை வங்கி மீது மத்திய நிதி அமைச்சகத்தின் நிதிச் சேவைகள் துறைக்கு மத்திய அரசின் குறைதீர் தளம் வழியாக எழுதலாம். புகார் சுற்றிவந்து அதே வங்கியின் மண்டல அலுவலகத்தில்தான் விழும். ஆனாலும் வட்டார மேலாளர் எழுத்தில் பதில் சொல்ல வேண்டியிருப்பதால், ஒருமுறைத் தீர்வுப் பேச்சு (ஒரே தொகை கட்டிக் கடனை முடித்துக்கொள்ளும் பேச்சு) அதற்குப்பின் கொஞ்சம் இளகுவது உண்டு. லஞ்சம், ஏலத்தில் கூட்டுச் சதி என்றால் மத்திய விஜிலன்ஸ் ஆணையம். அங்கே பெயரில்லாத மொட்டைக் கடிதம் எடுபடாது.

ஏல அறிவிப்பு

பாக்கி முழுவதையும் கட்டி வீட்டை மீட்கும் உரிமை, ஏல விளம்பரம் வெளியாகும் நாளுக்கு முன்பே முடிந்துவிடுகிறது. 2016 திருத்தமும், அதை உறுதிசெய்த 2023இன் செலிர் வழக்கும் சொல்வது இது. 'ஏலத்தன்று காலையில் பணத்தோடு போகலாம்' என்பது பழைய கதை. முதல் ஏலத்துக்கு 30 நாள் அவகாசம் தர வேண்டும், அது போணியாகாவிட்டால் அடுத்ததற்கு 15 நாள். குறைந்தபட்ச விலையை வழிகாட்டி மதிப்போடும் பக்கத்து மனைகளின் பத்திரங்களோடும் ஒப்பிடுங்கள். அடிமாட்டு விலை என்றால் அதை எதிர்த்துத் தனியாக மனுப் போடலாம். விற்ற பின்பும் கேள்வி முடியவில்லை: பாக்கியும் செலவும் போக மிஞ்சியது உங்களுடையது. செலவுக் கணக்கை எழுத்தில் கேளுங்கள்.

விசாரணை ஆணையம் என்று கோரிக்கை எழும்போது

ஓர் ஊரில் பல வீடுகள் ஒரே விதமாகப் பறிபோனால் 'நீதி விசாரணை வேண்டும்' என்ற குரல் எழுவது இயல்பு. 1952ஆம் ஆண்டின் விசாரணை ஆணையச் சட்டப்படி, பொது முக்கியத்துவம் உள்ள குறிப்பிட்ட விஷயத்துக்கு அரசு ஆணையம் அமைக்கலாம். சட்டமன்றம் தீர்மானம் போட்டால் அமைத்தே ஆக வேண்டும். சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களை வரவழைக்கவும் சிவில் கோர்ட்டின் அதிகாரம் அதற்கு உண்டு. தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் கிடையாது. பரிந்துரை மட்டுமே என்று 1958இலேயே டால்மியா வழக்கில் முடிவாகிவிட்டது. யாருடைய வீடும் ஆணையத்தால் திரும்ப வராது.

காலமும் ஆகும். 2018 மே 22 தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் இறுதி அறிக்கை தந்தது 2022 மே மாதம். அது சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது அந்த ஆண்டு அக்டோபரில்.

ஆணையம் கேட்பதானால் கோரிக்கையின் உயிர் விசாரணை வரம்பில்தான் இருக்கிறது. 'வங்கிகளின் அராஜகம்' என்று எழுதினால் அரசுக்கு வசதி. எதையும் எதுவாகவும் விசாரிக்கலாம். இந்த மாவட்டத்தில், இந்த ஆண்டுகளில், 14ஆம் பிரிவு மனுக்களில் பிரமாணப் பத்திரங்கள் சரிபார்க்கப்பட்டனவா, எந்த நிலை அலுவலர் சரிபார்த்தார் என்று எழுதுங்கள். ஆர்டிஐயில் வாங்கிய குறிப்புப் பக்கங்களை இணையுங்கள். அரசிதழில் அறிவிப்பு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது உங்கள் ஆண்டுகள் வரம்புக்குள் இருக்கின்றனவா என்பது. இல்லையென்றால் வரம்பை விரிக்கச் சொல்லும் மனுவை ஆணையத்துக்கல்ல, அரசுக்கு அனுப்ப வேண்டும். வரம்பை ஆணையமே மாற்ற முடியாது.

பிறகு ஆணையம் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து வாக்குமூலம் கேட்கும். அது பிரமாணப் பத்திரமாக, சொன்ன தேதிக்குள், சொன்ன எண்ணிக்கை நகல்களோடு போக வேண்டும். நேரில் கண்டதையும் கேள்விப்பட்டதையும் தனித்தனிப் பத்திகளில் எழுதுங்கள். கலந்து எழுதிய பத்திரம் குறுக்கு விசாரணையில் நொறுங்கும். ஆணையத்தின் முன் கேள்விக்குப் பதிலாகச் சொன்ன வாக்குமூலத்தை, அது பொய்ச்சாட்சியாக இருந்தாலொழிய, பின்னால் உங்களுக்கு எதிராக வழக்கில் பயன்படுத்த முடியாது. விசாரணை ஆணையச் சட்டத்தின் 6ஆம் பிரிவு தரும் பாதுகாப்பு இது. நற்பெயர் கெடக்கூடிய அலுவலருக்கு 8பி பிரிவில் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். இதைத் தடுக்க முயலாதீர்கள். அந்த வாய்ப்புத் தரப்படாததைக் காட்டித்தான் அறிக்கையின் பகுதிகளை உயர் நீதிமன்றத்தில் உடைப்பார்கள்.

அறிக்கை கொடுத்த 6 மாதத்துக்குள், எடுத்த நடவடிக்கை பற்றிய குறிப்போடு அரசு அதைச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 3(4) பிரிவு. வைக்காவிட்டால் தண்டனை என்று எதுவும் இல்லை. அறிக்கையின் நகலை ஆர்டிஐயில் கேட்டால் சட்டமன்ற உரிமை மீறல் என்று மறுப்பார்கள். எனவே அறிக்கையைக் கேட்காதீர்கள். அறிக்கை அரசிடம் வந்த தேதி, எந்தத் துறையில் இருக்கிறது, நடவடிக்கைக் குறிப்பு தயாரிக்க அனுப்பிய கடிதங்களின் தேதிகள், இவற்றை மட்டும் கேளுங்கள். ஏழாவது மாதத்தில் அந்தத் தேதிகளை வைத்துக்கொண்டு உங்கள் சட்டமன்ற உறுப்பினர் அவையில் கேள்வி கேட்கலாம். உயர் நீதிமன்றத்தில் 3(4)ஐ நிறைவேற்றச் சொல்லி ரிட்டும் போடலாம். கேட்பது வீடு அல்ல, அரசின் சட்டக் கடமை என்பதால், சர்பேசி வழக்கில் குறுக்கே நின்ற 'தீர்ப்பாயத்துக்குப் போ' என்ற பதில் இங்கே பொருந்தாது.